உண்மை பேசுவது, உண்மையாய் வாழ்வது: கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று மெதுவாகக் கேட்கிற கேள்விகள் இவை. பிரசங்கத்தில் "பொய் சொல்லாதே" என்று கேட்பது எளிது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அது எப்படி நடக்கும் என்பதுதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் என்பது எதிரில் இருக்கிற மனிதருக்கு நாம் செய்கிற அநியாயம். அதனால் "என் வார்த்தை சரியா" என்று பார்ப்பதோடு நின்றுவிட முடியாது, "என்னிடம் பேசிவிட்டுப் போனவர் எதை நம்பிக்கொண்டு போனார், அதை நான்தான் வேண்டுமென்றே நம்பவைத்தேனா" என்றும் பார்க்க வேண்டும்.

பத்துக் கட்டளையில் "பொய் சொல்லாதே" என்று நேரடியாக இல்லையே?

ஆமாம், இல்லை. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்றுதான் இருக்கிறது (யாத்திராகமம் 20:16). கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதை எட்டாவது கட்டளையாக எண்ணுகிறார்கள், மற்ற பெரும்பாலான சபைகள் ஒன்பதாவதாக. கட்டளையின் களம் நியாயசபை. அன்றைக்கு இரண்டு மூன்று பேருடைய சாட்சி போதும், ஒரு மனிதனைக் கல்லெறிந்து கொன்றுவிடலாம். நாபோத்துக்கு அதுதான் நடந்தது: இரண்டு பேர் எழுந்து பொய்ச்சாட்சி சொன்னார்கள், அவன் செத்தான், அவனுடைய திராட்சத்தோட்டம் ராஜாவான ஆகாபின் கைக்குப் போனது (1 இராஜாக்கள் 21). அதனால்தான் பொய்ச்சாட்சி சொன்னவன் அடுத்தவனுக்கு எந்தத் தண்டனையை வாங்கித்தர நினைத்தானோ அதே தண்டனையை அவனுக்குக் கொடுங்கள் என்று உபாகமம் 19 சொல்கிறது.

ஆனால் வேதம் நியாயசபையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருங்கள் என்று லேவியராகமம் 19:11-லும் இருக்கிறது, கொலோசெயர் 3:9-லும் இருக்கிறது. எபேசியர் 4:25-ல் பவுல் இதற்குச் சொல்கிற காரணத்தைக் கவனியுங்கள்: நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறபடியால் மெய்யைப் பேச வேண்டும். மாட்டிக்கொள்வீர்கள் என்றோ பேர் கெட்டுப்போகும் என்றோ அவர் பயமுறுத்தவில்லை. ஒரே உடம்பில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றினால் அந்த உடம்பு நிற்காது என்கிறார்.

நான் சொன்ன வார்த்தை எல்லாம் உண்மைதான். கேட்டவர்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அதுவும் பொய்யா?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிற கேள்வி இதுதான், ஏனென்றால் விசுவாசிகள் நடுவில் அப்பட்டமான பொய்யைவிட இந்த வகைதான் அதிகம்.

ஆபிரகாமைப் பாருங்கள். கேராரில் சாராளைத் தன் சகோதரி என்றான். பிடிபட்ட பிறகு, "அவள் என் தகப்பனுக்குக் குமாரத்திதான், என் தாய்க்குக் குமாரத்தி அல்ல" என்று விளக்கம் வேறு சொன்னான் (ஆதியாகமம் 20:12). சொன்ன வார்த்தை உண்மைதான். ஆனால் அதை நம்பி ஒரு ராஜா இன்னொருவன் மனைவியை அழைத்துக்கொண்டான். அபிமெலேக்கு, தேவனை அறியாதவன் என்று ஆபிரகாம் நினைத்த அந்த மனிதன், "நீ எங்களுக்கு என்ன செய்தாய்" என்று கேட்டபோது ஆபிரகாமிடம் நல்ல பதில் இல்லை.

இன்னும் கொடுமையானது யோசேப்பின் அங்கி. சகோதரர்கள் அதை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவுக்கு அனுப்பி, இதைக் கண்டெடுத்தோம், இது உம்முடைய மகனுடைய அங்கிதானா என்று பாரும் என்றார்கள். துஷ்ட மிருகம் தின்றுவிட்டது என்று அப்பாவிடம் அவர்கள் சொல்லவே இல்லை. அந்த வரியை யாக்கோபே சொல்லிக்கொண்டு அழுதான். பெரிய பொய்யைச் சொல்கிற வேலையை ஏமாந்தவனிடமே விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு இதே விஷயம் மிகச் சாதாரணமாக நடக்கிறது. மேலாளர் "அறிக்கை போயாச்சா?" என்று கேட்கிறார். நீங்கள் "நேற்றே முடிச்சுட்டேனே" என்கிறீர்கள். முடித்தது உண்மை, அனுப்பவில்லை. அவர் வாடிக்கையாளரிடம் "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லப்போகிறார், அது உங்களுக்குத் தெரியும், அவர் போனவுடனே அவசரமாக அனுப்பவும் செய்வீர்கள். இது பொய்தான். "முடித்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை, பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நீங்கள் நினைக்காமலேயே ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் அது உங்கள் பொய் அல்ல. ஆனால் அவர் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தும், அது உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது உங்களுடையதாகிவிடுகிறது.

அப்படியென்றால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏரோது பல கேள்விகள் கேட்டும் இயேசு ஒரு பதிலும் சொல்லவில்லை (லூக்கா 23:9). தம்முடைய சீஷர்களிடமே, சொல்ல இன்னும் அநேக காரியங்கள் உண்டு, இப்போது உங்களால் தாங்க முடியாது என்றார் (யோவான் 16:12). சாமுவேல் தாவீதை அபிஷேகம் பண்ணப் போனபோது, சவுல் கேள்விப்பட்டால் கொன்றுபோடுவானே என்று பயந்தார். பலியிட வந்தேன் என்று சொல் என்று கர்த்தரே சொல்லிக்கொடுத்தார் (1 சாமுவேல் 16). பலி உண்மையாகவே நடந்தது. மற்ற விஷயம் சவுலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நண்பர் நம்பிச் சொன்னதை அடக்கிவைப்பது உண்மையுள்ளவனின் குணம் என்று நீதிமொழிகள் 11:13 சொல்கிறது. வீட்டுச் சண்டை, வருமானம், உடம்புக்கு என்ன, ஏன் இன்னும் குழந்தை இல்லை, இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் கிடையாது. "அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்" என்று சொல்லலாம். அது முழுக்க நேர்மையான வாக்கியம்.

ஆனால் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவரிடம் மறைத்தால் கதை வேறு. கல்யாணம் பேசும்போது கடனை மறைப்பது, கணக்குத் தணிக்கை செய்கிறவரிடம் ஒரு ரசீதை மறைப்பது, ஒரு குழந்தைக்கு நடக்கிற கொடுமையைத் தெரிந்துகொண்டும் "சபை பேர் கெடும்" என்று வாயை மூடிக்கொள்வது, இவற்றில் எதையும் விவேகம் என்று சொல்ல மாட்டேன். கண்டதையும் அறிந்ததையும் தெரிவிக்காத சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது. குழந்தை விஷயத்தில் மூப்பரிடம் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், காவல்துறைக்கும் போக வேண்டும்.

ஒரு உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

இதில் நல்ல கிறிஸ்தவர்களே ஆரம்பத்திலிருந்து இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பார்வோனுக்குத் தப்பான காரணம் சொல்லி ஆண் குழந்தைகளைப் பிழைக்கவைத்தார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் (யாத்திராகமம் 1). ராகாப் வேவுகாரரைக் கூரையில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, போய்விட்டார்கள் என்றாள். எபிரெயர் 11-ம் யாக்கோபு 2-ம் அவளை மெச்சுகின்றன. மெச்சுவது அவளுடைய விசுவாசத்தையும், அந்த மனிதர்களை ஏற்று அனுப்பிவைத்ததையும்தான். பொய்யைப் பற்றி அங்கே புகழ்ச்சியும் இல்லை, கண்டனமும் இல்லை.

ஆதித்திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன், பொய்யைப் பற்றி மட்டுமே இரண்டு நூல்கள் எழுதியவர், உயிரைக் காப்பாற்றவும் கூடாது என்றார். அவர் ஃபிர்முஸ் என்ற ஆயரை உதாரணம் காட்டுகிறார். தகஸ்தே ஊர் ஆயர் அவர், தன்னிடம் அடைக்கலம் வந்த ஒருவனை ஒளித்துவைத்திருந்தார். ராயனுடைய ஆட்கள் வந்து கேட்டபோது, என்னால் பொய்யும் சொல்ல முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார். சித்திரவதை செய்தார்கள், அப்போதும் அதே பதில்தான். கடைசியில் ராயனே அவரை வியந்து, ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்புக் கொடுத்தான்.

என் கருத்தைக் கேட்டால்: கொலை செய்ய வந்தவனுக்கு வழிகாட்டுவது பிறனுக்கு எதிரான செயல், கட்டளை எதைத் தடுக்க வந்ததோ அதுவே அது. இரண்டாம் உலகப் போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்து, கதவைத் தட்டிய காவலர்களிடம் "யாரும் இல்லை" என்று சொன்ன கிறிஸ்தவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்க்க மாட்டேன். ஃபிர்முஸ் அளவுக்குத் தைரியம் உள்ளவர்கள் முன்னால் தலைவணங்குவேன். ஆனால் ராகாபின் கதையை விடுப்புக் கடிதத்துக்கும் வருமான வரிக்கும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அவள் காப்பாற்றியது அடுத்தவர் உயிரை, அதுவும் தன் உயிரைப் பணயம் வைத்து. நம்முடைய பெரும்பாலான பொய்கள் நமக்கு வரப்போகிற சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

உண்மையைச் சொன்னால் மனசு புண்படுகிறது. எப்படித்தான் சொல்வது?

எபேசியர் 4:15 சத்தியத்தையும் அன்பையும் சேர்த்தே சொல்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அங்கே இடமில்லை. "நான் எப்பவும் முகத்துக்கு நேரா சொல்லிடுவேன்" என்று பெருமைப்படுகிறவர்கள் பலர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சொல்லும்போது அவர்கள் தணித்துக்கொள்வது தங்கள் எரிச்சலை.

நாத்தான் தாவீதிடம் போன விதத்தைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டவில்லை. ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொல்லி, தாவீதுக்குள் இன்னும் உயிரோடு இருந்த நியாய உணர்வை முதலில் எழுப்பினார். அப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்" (2 சாமுவேல் 12). மென்மையாகத் தொடங்கினார் என்பதற்காக முடிவில் மழுப்பவும் இல்லை.

இயேசு சொன்ன முறை: நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து (மத்தேயு 18:15). முதலில் அவரிடம். பாஸ்டரிடமோ தோழியிடமோ குடும்ப குரூப்பிலோ சொல்வதெல்லாம் முதல் படி அல்ல. பவுல் பேதுருவை அந்தியோகியாவில் எல்லோருக்கும் முன்பாகக் கண்டித்தார் என்று சிலர் சொல்வார்கள் (கலாத்தியர் 2). உண்மைதான், ஆனால் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகிக்கொண்டதும் எல்லோருக்கும் முன்பாகத்தான், அதைப் பார்த்து பர்னபா வரை இழுபட்டுப் போனார்கள்.

சின்ன விஷயங்களுக்கும் இதுதான். ஆராதனையில் பாடின தங்கை "எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்கிறாள். "சூப்பர்" என்று சொல்லிவிட்டால் அவள் அடுத்த வாரமும் அதே இடத்தில் சுருதி விலகுவாள். "முதல் சரணம் நல்லா இருந்துச்சு, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுருதி இறங்குது, ஒரு கட்டை குறைச்சுப் பாடிப் பாரு" என்றால் அவளுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போக ஏதோ ஒன்று கிடைக்கிறது.

சாட்சி சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன? தேவனுக்குத்தானே மகிமை?

தயவுசெய்து வேண்டாம். தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேச வேண்டுமோ என்று யோபு தன் நண்பர்களைக் கேட்டான் (யோபு 13:7). அவருக்கு நம் பொய்யின் உதவி தேவையில்லை.

இதனால் ஆபத்தும் உண்டு. ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, மருந்து எடுத்தார், சபை ஜெபித்தது, சுகமானார். மேடையில் சொல்லும்போது அறுவைச் சிகிச்சையும் மருந்தும் காணாமல் போய், "ஜெபித்தோம், டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள்" என்று ஆகிவிடுகிறது. கடைசி வரிசையில் அதே நோயோடு உட்கார்ந்திருக்கிற ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துகிறார். மருந்து எடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் நன்றி குறைந்துவிடாது.

இதோடு சேர்த்து "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்பதையும் பேச வேண்டும். ஒரு இளைஞர் ஒரு பெண்ணிடம் "நீதான் என் துணை என்று கர்த்தர் காண்பித்தார்" என்கிறார். அந்தப் பெண் இனி மறுத்தால் அவரை மறுக்கிறாளா, தேவனை மறுக்கிறாளா? "எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, இதற்காக ஜெபித்தேன்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு முடிவெடுக்க இடம் இருந்திருக்கும். சொந்த இருதயத்தின் தரிசனத்தைக் கர்த்தருடைய வாக்காகச் சொல்கிறவர்களைப் பற்றி எரேமியா 23 முழுக்க எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறேன்.

அங்கேயே, அப்போதே, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஜெபித்துவிடுங்கள். போனில் என்றாலும் அப்படியே. முடியாது என்று தெரிந்தால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், "கேட்கவே கஷ்டமாக இருக்கிறது" என்பதே போதும்.

வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்புவதும், ஜெபக்குறிப்பாகச் சொல்வதும் இதில் சேருமா?

சேரும். 1563-ல் வந்த ஹைடல்பெர்க் வினாவிடை (சீர்திருத்த சபைகளின் விசுவாசப் போதனை நூல்) பொய்ச்சாட்சிக் கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, அடுத்தவர் வார்த்தையைத் திரிக்காதே, புறங்கூறாதே, ஒருவரை விசாரிக்காமல் அவசரப்பட்டுத் தீர்க்காதே என்பவற்றையும் உள்ளே கொண்டுவருகிறது. நான் எழுதவில்லை, அனுப்பினேன் என்பது சாக்கு ஆகாது. குறிப்பாக வேறு மதத்தாரைப் பற்றி, வேறு சபையைப் பற்றி வருகிற செய்தியை, நமக்கு அது பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்பிவிடுகிறோம். அந்த மக்களும் பிறன்தான். முதலில் பேசுகிறவன் சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் தெரியும், மற்றவன் வந்து பேசும்வரை (நீதிமொழிகள் 18:17). தப்பான செய்தி அனுப்பிவிட்டீர்கள் என்று தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிடாமல், அதே குரூப்பில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள்.

ஜெபக்குறிப்பு விஷயம்: சம்பந்தப்பட்டவர் அங்கே உட்கார்ந்திருந்தால் இதே விவரங்களோடு சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் பெயரும் விவரமும் வேண்டாம். தேவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

வேலையில் பொய் சொல்லச் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டுமா?

உடனே அல்ல. முதலில் அதே வேலையைப் பொய்யில்லாமல் முடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். "சார் ஆபீஸில் இல்லைன்னு சொல்லு" என்றால், "சார் இப்போது பேச முடியாத நிலையில் இருக்கிறார், உங்கள் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லலாம். பல முதலாளிகளுக்கு அது போதும். பொருள் வியாழக்கிழமைதான் வரும் என்று தெரிந்தும் செவ்வாய் என்று சொல்லச் சொன்னால், "வியாழன் என்று சொல்லி நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பொய் ரசீது, முன்தேதியிட்ட கையெழுத்து, நடக்காத சோதனைக்கு "நடந்தது" என்று குறிப்பு, இவற்றில் நடுவழி கிடையாது. மரியாதையாக, எழுத்தில், "இதில் நான் கையெழுத்திட முடியாது" என்று சொல்லுங்கள், அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். யோசேப்பு உத்தமனாக நடந்துதான் சிறைக்குப் போனான். வீட்டில் சம்பளத்தை நம்பி இருக்கிறவர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். சபைக்கு இங்கே ஒரு கடமை உண்டு: உண்மைக்காக வேலை இழந்தவருக்குப் பாராட்டு மட்டும் போதாது, அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகைக்கும் உதவ வேண்டும்.

நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யலாமா?

"பரிச்சேதம் சத்தியம்பண்ண வேண்டாம்", அதாவது சத்தியமே செய்யாதீர்கள், என்று இயேசு சொன்ன மத்தேயு 5:34-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். அதற்காகவே 1662-ல் அவர்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது, ஏராளமானோர் சிறை போனார்கள். 1690-களில்தான் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லும் வழி அவர்களுக்குக் கிடைத்தது. மற்ற பெரும்பாலான சபைகள், பிரதான ஆசாரியன் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னதையும் (மத்தேயு 26:63-64), பவுல் தேவனைச் சாட்சியாக அழைத்ததையும் காட்டி, நீதிமன்றத்தில் தவறில்லை என்கின்றன. எது உங்கள் மனசாட்சி என்றாலும் சரி, பல நாடுகளில் இன்று இரண்டுக்கும் வழி இருக்கிறது. அன்றாடப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ஆணையிட வேண்டிய நிலைமை இருந்தால், மற்ற நேரம் உங்கள் பேச்சு ஏன் நம்பப்படவில்லை என்று யோசியுங்கள்.

நான் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனால் சபையில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி இருக்கிறேன்.

அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றதில் ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். எடுத்துவைத்தது குற்றமே அல்ல. விற்ற பின்பும் அந்தப் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார் (அப்போஸ்தலர் 5:4). ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்தவர்களாகத் தெரிய நினைத்தார்கள், அதுதான் விஷயம். இருப்பதைவிட அதிகப் பரிசுத்தமாகத் தெரிய ஆசைப்படுவது எந்தச் சபையிலும் மிகச் சுலபமாக வளர்கிற பாவம், ஏனென்றால் அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது.

நமக்குப் பாவமில்லையென்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று 1 யோவான் 1:8 சொல்கிறது. அடுத்த வசனமே மன்னிப்பைப் பற்றியது. இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். மன்னிப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்தான் நடிப்பை விடத் துணிவார். ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள், வாயை அடக்கத் தெரிந்தவராக, உங்களைப் பார்த்து அதிர்ச்சியடையாதவராக. அவரிடம் "நான் ஜெபித்தே பல வாரம் ஆகிறது" என்றோ, "வீட்டில் என் கோபத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்றோ சொல்லுங்கள். யாக்கோபு 5:16 சொல்வது இதைத்தான். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு சொன்ன பொய்களை எல்லாம் இப்போது போய்ச் சொல்ல வேண்டுமா?

அந்தப் பொய்யால் இன்னமும் ஒருவர் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தால், ஆமாம். சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). பணம் என்றால் பணத்தைக் கொடுங்கள். ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், அதை யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமே போய்த் திருத்துங்கள்.

ஆனால் உங்கள் மனப்பாரம் இறங்குவதற்காக அடுத்தவர் தலையில் புதிதாக ஒரு பாரத்தை ஏற்றாதீர்கள். நீங்கள் ஒருவரைப் பற்றி மனதுக்குள் என்னென்ன நினைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது ஒருவரின் ரகசியமும் இதில் கலந்திருந்தால், முதலில் ஒரு முதிர்ந்த விசுவாசியிடம் ஆலோசனை கேளுங்கள்.

சொல்லப்போகும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். "அன்றைக்கு நான் சொன்னது பொய். நடந்தது இது. உங்களுக்கு இதனால் இந்த நஷ்டம் வந்தது, அதை இப்படிச் சரிசெய்ய நினைக்கிறேன்." ஏன் சொன்னேன் என்ற நீண்ட விளக்கத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், எழுந்து போய்விடலாம், சில மாதம் பேசாமல் இருக்கலாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள் என்பதற்காக அவர் அன்றைக்கே மன்னித்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், வசனம் காட்டி அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள்.